தொழில் தொடங்கும் பேசாலைப் பிள்ளைகளுக்கு

மன்னார்த் தீவின் பேசாலையில் இப்போது நண்டு வாங்கும் வாடியிலும் கணினி இருக்கிறது. ஐஸ் போடும் இடத்தில் கமரா, பலசரக்குக் கடையில் கியூஆர் அட்டை, கருவாடு அனுப்பும் பிள்ளையின் கையில் வட்ஸ்அப் ஓடர். இந்தத் தொழில்கள் நம் பிள்ளைகளின் கையிலேயே நிலைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆயுளின் பெரும்பகுதியைத் தொலைபேசிக் கம்பியோடும் கம்பத்தோடும் கழித்தவன் என்ற முறையில் தம்பி தங்கச்சிமாருக்குச் சில விஷயங்களை இலக்கமிட்டு எழுதுகிறேன்.

1. பெட்டி வாங்குமுன் வழியைக் கீறிப் பாருங்கள்.

ஒரு கொப்பித்தாளை எடுத்து, உங்கள் போனிலிருந்து புறப்படும் செய்தி எங்கெல்லாம் போகிறது என்று கோடு போடுங்கள். போன், ரவுட்டர், கோபுரம் அல்லது ஃபைபர், தீவைத் தாண்டி மன்னார்ப் பெருநிலம், கொழும்பு, அங்கிருந்து கடலடிக் கேபிள். தொழிலுக்கான நெட்வேர்க் அறிவில் பாதி இந்தக் கோட்டிலேயே இருக்கிறது. எது பழுதானாலும் இந்தக் கோட்டின் ஏதோவொரு துண்டில்தான் பழுது.

1850களின் கடைசியில் இந்தியாவையும் இலங்கையையும் தந்தி இணைத்தபோது கம்பி நம் தீவு வழியாகத்தான் வந்தது. இன்று அப்படியில்லை. 2006இல் வந்த பாரத் லங்கா கேபிள் தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குத்தான் போடப்பட்டது, நம்மைத் தொடவில்லை. ஆகவே ராமேஸ்வரத்திலிருக்கும் சொந்தக்காரருக்கு நீங்கள் அனுப்பும் படம் எதிரே தெரியும் கடலை நேரே தாண்டாது. தெற்கே கொழும்புக்குப் போய், கடலடியால் சுற்றி, இந்தியாவுக்குள் ஏறித்தான் அவரிடம் சேரும். 1990க்குப் பிறகு போரால் ஒரு வீட்டில் பாதிப்பேர் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலும் பாதிப்பேர் இங்கேயும் இருந்த காலத்தில், உயிரோடு இருக்கிறோம் என்ற ஒற்றை வரி போய்ச் சேரக் கிழமைக்கணக்கில் ஆகும். அதைக் கண்டவர்களுக்கு இந்தச் சுற்றுவழியின் அருமை தெரியும். ஆனாலும் அது சுற்றுவழிதான். வரைபடத்துத் தூரம் வேறு, நெட்வேர்க்கின் தூரம் வேறு.

2. உள் நெட்வேர்க்கையும் இணையத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள்.

கடைக்குள் கணினி, பில் அடிக்கும் இயந்திரம், கமராப் பெட்டி எல்லாம் ரவுட்டரில் சேர்ந்தால் அது உங்கள் சொந்த நெட்வேர்க். வெளி இணைப்பு அறுந்தாலும் அது வேலை செய்ய வேண்டும். “நெட் இல்லை, பில் போட ஏலாது” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடை, உள்ளே நடக்க வேண்டிய வேலையையும் வெளியே கொடுத்துவிட்ட கடை. பில் மென்பொருள் வாங்கும்போதே, இணையம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்று கேளுங்கள். விற்பவர் தடுமாறினால் வேறொன்றைப் பாருங்கள்.

3. வேகத்தைக் கணக்காகப் பாருங்கள்.

விளம்பரத்தில் சொல்லும் மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். 100 மெகாபிட் இணைப்பில் மிக நல்ல நேரத்தில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் வரும். அது கீழே வரும் வேகம். தொழில்காரருக்கு மேலே போகும் வேகமும் முக்கியம். மீனின் படத்தை அனுப்புவதும் கமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதும் மேலே போகிற வேலை. ஒரு கமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21 ஜிகாபைட்டுக்கு மேல். நாலு கமரா வைத்தால் மாத டேட்டா எந்த மூலைக்கு? கடைக்குள்ளேயே ஒரு பெட்டியில் பதிந்து வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் தூரத்திலிருந்து பாருங்கள்.

4. இரண்டு சிம் இருந்தால் இரண்டு வழி என்று அர்த்தமில்லை.

இரண்டு கொம்பனியும் ஒரே கோபுரத்தில் அன்ரெனா கட்டியிருக்கலாம். கோபுரத்துக்குக் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பெரியதொரு ஓடர் அனுப்பும் நேரம் இது தெரிந்தால் பிரயோசனமில்லை. கடையில் ஒன்று ஃபைபர் அல்லது நிலையான இணைப்பாகவும், மற்றது வேறு கோபுரத்தைப் பிடிக்கும் சிம்மாகவும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் முதல் இணைப்பை நீங்களாகவே கழற்றி, இரண்டாவதில் பில், வங்கி, வட்ஸ்அப் மூன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

5. இந்திய சிக்னலில் கவனம்.

நம் கரையில் நின்றால் போன் திடீரென்று “இந்தியாவுக்கு நல்வரவு” என்று செய்தி காட்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். கடலில் மறைக்க மரமோ கட்டடமோ இல்லை. காற்று அடங்கி வெக்கை கூடிய நாட்களில் கடல் மேல் உள்ள ஈரக்காற்றுப் படலம் வானொலி அலையை வளைத்து இன்னும் தூரம் கொண்டுவரும். ராமேஸ்வரத்தின் 323 மீற்றர் கோபுரத்துத் தூரதர்ஷனை இங்கே வீடுகளில் பார்த்ததும் இதே கடல்வழியால்தான். போன் தானாக அந்தப் பக்கம் மாறினால் வெளிநாட்டு ரோமிங் கட்டணம் விழும், வங்கி அனுப்பும் ஓரீபி இலக்கம் வராமலும் போகலாம். நெட்வேர்க் தெரிவைக் கையால் செய்து உங்கள் கொம்பனியில் நிறுத்துங்கள். ரோமிங் டேட்டாவை மூடி வையுங்கள். கடலுக்குப் போகும் தம்பிமாரின் போனிலும் இதைச் செய்து கொடுங்கள்.

6. உப்பை மதியுங்கள்.

கொழும்பிலிருந்து வருகிற தொழில்நுட்பக்காரருக்கு நம் ஊரின் உப்புக்காற்று தெரியாது. கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டுச் செப்புத் தகடுகள் நிற்கும். மேற்பூச்சுத் தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு படியும். எட்டும் ஒரே நாளில் கெடாது, ஒன்றிரண்டுதான் கெடும். அதனால் பல நேரம் இணைப்பு அறாது. நொடிக்கு 1000 மெகாபிட் போன கேபிள் 100க்கு விழுந்து நிற்கும், நீங்கள் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிளக்கை மாற்றினால் தீரும். ரவுட்டரைக் கடற்கரைப் பக்கம் திறந்த ஜன்னலில் வைக்காதீர்கள். வெளியில் ஓடும் கேபிள் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாகவே இருக்கட்டும், அதன் இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஐப்பசி கார்த்திகை இடிக்கு ஃபைபர் கண்ணாடி இழை பயப்படாது. ஆனால் ரவுட்டரின் மின்கம்பியும் கூரைமேல் அன்ரெனாக் கம்பியும் இடியை உள்ளே இழுக்கும். காய்ந்த மணலில் அடித்த எர்த் கம்பி பேருக்குத்தான். ஈரமணல் வரை இறக்க, தெரிந்த மின்தொழிலாளியைப் பிடியுங்கள்.

7. கரண்ட் இல்லாத நாளுக்கு இன்றே ஆயத்தம்.

2022 மார்ச் 31ஆம் திகதி வாக்கில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. கோபுரங்களிலும் பற்றரிதான், அது இறங்கினால் ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும். டீசலே இல்லாத நாட்கள் அவை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்வதை நம்பி இருக்காதீர்கள். அவை தேசிய மின்வலையோடு கட்டுண்டவை, வலை விழுந்தால் அவையும் நிற்கும்.

சாதாரண ரவுட்டர் 12 வோல்ட், ஒரு அம்பியர். 12 வோல்ட் 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று அதை நாலைந்து மணிநேரம் தாங்கும். கணினிக்குப் பெரிய யூபிஎஸ் வாங்கக் காசில்லாவிட்டாலும் ரவுட்டருக்கு இதை வாங்குங்கள்.

8. காசும் கடவுச்சொல்லும்.

காசு அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பி மீனை லொறியில் ஏற்றாதீர்கள். அந்தப் படத்தை யாரும் இரண்டு நிமிடத்தில் திருத்தலாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பேலியகொடை மீன்சந்தைக்கு ஏற்றுங்கள். லங்கா கியூஆர் அட்டை கடை முன்னால் ஒட்டியிருந்தால் காலையில் ஒருக்கா உற்றுப் பாருங்கள், மேலே வேறொருவரின் அட்டை ஒட்டப்பட்டிருக்கக் கூடாது. ரவுட்டரின் அடியில் அச்சடித்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறந்து கொடுங்கள். பில் கணினி இருக்கும் நெட்வேர்க்கில் யாரையும் விடாதீர்கள். ஓரீபியை வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்பவருக்கும் சொல்லக் கூடாது.

9. கணக்கின் பிரதி.

கணக்கு கணினியில் ஒன்று, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் டிஸ்கில் ஒன்று. கடைக்குள்ளேயே இரண்டும் இருந்தால் ஒரு இடிக்கு இரண்டும் போகும்.

10. முறைப்பாடு செய்யத் தெரிந்திருங்கள்.

“நெட் வேலை செய்யவில்லை” என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் ரவுட்டரை அணைத்து எழுப்பச் சொல்வார், அவ்வளவுதான். அழைக்குமுன் ஃபைபர்ப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னினால் வெளியே ஃபைபர் அறுந்தது அல்லது மடிந்தது, உங்கள் வீட்டுப் பழுதில்லை. எல்லா விளக்கும் சரியாக இருந்து, உலாவியில் ரவுட்டரின் முகவரியும் (பெரும்பாலும் 192.168.1.1) திறந்தால் உள்பக்கம் சுகம், பழுது அப்பால். எத்தனை மணிக்கு நின்றது, எந்த விளக்கு என்ன நிறம், அயல்கடையிலும் இல்லையா என்று ஒரு தாளில் எழுதி வைத்து வாசியுங்கள். தமிழில் கதைக்கும் ஒருவரைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் வருவதாகச் சொன்ன நாளையும் அதே தாளில் குறியுங்கள். கொம்பனி தீர்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அப்போது அந்த இலக்கமும் திகதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.