விமர்சகர் என்றால் கன்னி ராசியா?

கேள்வி: கச்சேரி கேட்பதைவிட, அதைப் பற்றி வரும் விமர்சனத்தைப் படிப்பதில் எனக்கு ருசி அதிகம். 'கன்னி ராசிக்காரர்கள் பிறவி விமர்சகர்கள்' என்று மேல்நாட்டு ஜோதிடப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன். கல்கி பிறந்தது செப்டம்பர் 9, கன்னி. வியன்னாவின் பெரிய இசை விமர்சகர் ஹான்ஸ்லிக் பிறந்தது செப்டம்பர் 11, அவரும் கன்னி! இசை விமர்சகரின் குணம் ஜாதகத்திலேயே இருக்கிறதா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தேதிகளைத் தேடி எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர்கள் குறைவு. நீங்கள் கொடுத்த இரண்டு தேதிகளும் சரி. எடுவர்ட் ஹான்ஸ்லிக் 1825-இல் பிராகில் பிறந்தார். 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' என்ற விமர்சனப் பகுதியை எழுதிய கல்கி 1899-இல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தார்.

ஆனால் உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். செப்டம்பர் 9 ஆவணி மாதம். ஆவணி முழுக்கச் சூரியன் சிம்மத்தில்தான் இருப்பான். கன்னிக்குப் போவது புரட்டாசி பிறக்கும்போது. ஆக, நம் கணக்குப்படி அந்த இருவருக்கும் சூரியன் சிம்மத்தில்.

ஒரே வானத்தில் இது எப்படி? மேல்நாட்டு முறையில், மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து ராசிச் சக்கரம் தொடங்குகிறது. நம் முறையில் நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறது. பூமியின் அச்சு ஓயப்போகும் பம்பரம்போல மெல்லத் தள்ளாடுவதால், இந்த இரண்டு தொடக்கங்களும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் விலகுகின்றன. அந்த விலகலுக்கு அயனாம்சம் என்று பெயர். இப்போது அது ஏறக்குறைய 24 பாகை. ஒரு ராசிக்கு 30 பாகைதான் என்பதால், முக்கால்வாசிப் பேருக்கு மேல்நாட்டு ராசி ஒன்று, நம் சூரிய ராசி அதற்கு முந்தியது.

நம் இசை விமர்சகர் சுப்புடுவைப் பாருங்கள். பிறந்தது 1917 மார்ச் 27. மேல்நாட்டார் கணக்கில் மேஷம், நெருப்பு ராசி. அவருடைய பேனாவைத் தெரிந்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள். நம் கணக்கில் பங்குனி மாதம், மீனம். இளகிய மனம், சாந்த சுபாவம் என்று ஜோதிடர்கள் சொல்லும் ராசி! அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வித்வான்கள் யாராவது அகப்பட்டால் கேட்டுச் சொல்லுங்கள். லண்டனில் இசை விமர்சனம் எழுதிய பெர்னார்ட் ஷா 1856 ஜூலை 26-இல் பிறந்தவர். அங்கே சிம்மம், இங்கே கடகம்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ராசி என்றால் சூரியன் நின்ற இடமே அல்ல, சந்திரன் நின்ற இடம். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள்தான் தங்குவான். பிறந்த நேரத்தில் கீழ்வானத்தில் எழும் ராசியான லக்னமோ சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாறும். பிறந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு குணம் சொல்ல நம் ஜோதிடர் ஒப்பமாட்டார். அப்படிச் சொல்லும் பத்திரிகைப் பழக்கம், 1930-இல் இங்கிலாந்தின் சண்டே எக்ஸ்பிரஸில் ஆர். எச். நேய்லர் எழுதத் தொடங்கிய பிறகு பரவியது.

சரி, நேரம் தெரிந்த ஜாதகத்தைக் கொண்டுபோனால்? கலைக்குச் சுக்கிரன் காரகன், அதாவது அந்த விஷயத்துக்குப் பொறுப்பான கிரகம். எழுத்துக்கும் புத்திக்கும் புதன். அந்தப் புதன் உச்சம் பெறுவது கன்னியில். உங்கள் புத்தகத்தின் 'பிறவி விமர்சகர்' அங்கிருந்து கிளம்பியவர்தான். இரண்டாம் இடம் வாக்கு ஸ்தானம், பேச்சின் வீடு. அங்கே செவ்வாய் இருந்தால் நாக்கு சுடும் என்பார்கள். சுக்கிரனும் புதனும் சேர்ந்து, வாக்கில் செவ்வாயும் இருந்துவிட்டால் விமர்சகர் தயார்!

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை, சுக்கிரன் 48 பாகையைத் தாண்டுவதில்லை. எனவே இவை இரண்டும் சேர்ந்தோ, பக்கத்து வீட்டிலோ இருப்பது மிகச் சாதாரணம். அந்த அமைப்போடு பிறந்து, வாழ்நாளில் ஒரு கச்சேரிக்கும் போகாதவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

பிறகு ஏன் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது? ஆளைத் தெரிந்துகொண்டு ஜாதகம் பார்க்கிறோம், அதனால். கல்கிக்குக் கன்னி என்றால் நுணுக்கம், குறை காணும் கண் என்போம். சிம்மம் என்றால் துணிச்சல், கம்பீரம், கேலி என்போம். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் அறிஞர் தம் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணச்சித்திரத்தை, அவரவருக்குத் தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக ஐந்துக்கு நாலுக்கு மேல். நம் நாட்டிலும் வானியலாளர் ஜயந்த் நார்லிகர் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைப் பெயரில்லாமல் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள்; சரியானது சராசரியாக நூற்றுக்கு 46. காசு சுண்டினால் 50 கிடைக்கும்.

அப்படியானால் விமர்சகரை உண்டாக்குவது எது? டிக்கெட்டும் பத்திரிகையும் என்பேன். ராஜசபையிலும் கோயிலிலும் மிராசுதார் வீட்டிலும் பாட்டு நடந்தவரை, பாட்டைப் பற்றி ஊருக்கு எழுத ஆள் தேவைப்படவில்லை. காசு கொடுத்து உட்காரும் கூட்டம் வந்தபோதுதான் 'நேற்று எப்படி?' என்று கேட்க மூன்றாம் மனிதர் வேண்டியிருந்தது. வியன்னாவில் அந்தக் கூட்டம் முன்னதாகவே உருவாகிவிட்டது. சட்டம் படித்த ஹான்ஸ்லிக் 1864 முதல் அங்கே ஒரு பெரிய நாளிதழில் தீர்ப்பு எழுதினார். இசையமைப்பாளர்களில் பிராம்ஸ் பக்கம் நின்று வாக்னரை எதிர்த்தார். வாக்னரும் சும்மா இருக்கவில்லை. 1868-இல் அரங்கேறிய தம் இசை நாடகத்தில், பாடுகிறவனின் பிழைகளைச் சாக்கட்டியால் பலகையில் குறிக்கும் பெக்மெசர் என்ற பாத்திரத்தை வைத்தார். ஒரு வரைவில் அந்தப் பாத்திரத்தின் பெயர் 'ஹான்ஸ்லிஷ்'! விமர்சகன் என்றால் குறை எண்ணுபவன் என்று நம் மனத்தில் இருக்கும் படத்தில் வாக்னரின் கைவரிசை நிறைய உண்டு.

டிக்கெட்டோடும் பத்திரிகையோடும் பழகிய காதும் வேண்டும். ஷாவின் தாயார் பாடகி. அந்த அம்மாளுக்குப் பாட்டுக் கற்பித்த ஆசிரியரும் டப்ளினில் அதே வீட்டில் குடியிருந்தார். பையனின் காது தயாரான பள்ளிக்கூடம் அது.

நம் பக்கம் டிக்கெட்டும் பத்திரிகையும் சேர்ந்த கதை இது: சென்னையில் 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக, 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. அதே ஆண்டு ஆனந்த விகடன் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தது. தஞ்சை ஜில்லாவில் வளர்ந்து, திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகையில் எழுதிப் பழகிய ஒரு நகைச்சுவை எழுத்தாளர் விகடனுக்கு வந்து சேர்ந்தார். சபாக்கள் பெருகிவந்தன, வாசகர்கள் காத்திருந்தார்கள். 'கர்நாடகம்' பிறந்தது அந்த வேளையில்தான். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று கல்கி விடாமல் வாதாடியதும் அந்தக் காலத்தின் சண்டையே தவிர, வாக்கு ஸ்தானத்துச் செவ்வாயின் வேலை அல்ல.

கல்கியின் ஜாதகத்தைக் கணிக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் இருந்தால், பிறந்த தேதி போதாது, நேரமும் வேண்டும். அதைத் தேடும் நாட்களில், பழைய விகடன் தொகுப்பு உள்ள நூலகத்துக்குப் போய் 'ஆடல் பாடல்' பக்கங்களைப் படித்துவிடுங்கள். விமர்சனத்தில் ருசி உள்ள உங்களுக்கு அங்கே நல்ல விருந்து இருக்கிறது.