மாட்டின் வயிற்றினுள் ஒரு கூட்டுறவு

பற்றீரியா என்றதும் நோயே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வாழைச்சேனை, கிரான், வாகரைப் பக்கங்களில் மேயும் எருமைகளும் பசுக்களும் பற்றீரியாக்களின் துணையின்றி உயிர்வாழ முடியாது.

புல்லிலும் வைக்கோலிலும் பெரும்பகுதி செலுலோசு என்னும் நார்ப்பொருளாகும். அதைச் சமிக்கச் செய்யும் நொதியம் மாட்டின் உடலில் சுரப்பதில்லை. முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அங்குள்ள நீரில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1,000 கோடி பற்றீரியாக்கள் உள்ளன. மாடு அவற்றுக்கு உணவும், ஒட்சிசன் இல்லாத இடமும், சுமார் 39 பாகை செல்சியஸ் சூடும் கொடுக்கிறது. அவை நாரைப் புளிக்கவைத்து, மாட்டுக்குச் சக்தி தரும் அமிலங்களாக மாற்றுகின்றன. பின்னர் அவையே குடலுக்குச் சென்று சமித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன. நாம் உண்ணும் எருமைத் தயிருக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

இக்கூட்டம் கன்றுடன் பிறப்பதில்லை. தாய் நக்கும்போதும், பட்டியில் மற்ற மாடுகளுடன் பழகி மேயும்போதும் கன்று அதைப் பெறுகிறது. சரியான பற்றீரியா வந்து சேராவிட்டால் நல்ல தீனும் நஞ்சாகலாம். இபில் இபில் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அவுஸ்திரேலியாவில் அதை மிகுதியாகத் தின்ற மாடுகள் மயிர் உதிர்ந்து மெலிந்தன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதைத் தின்றும் நலமாயிருந்தன. அவற்றின் இரைப்பையில் நஞ்சை முறிக்கும் பற்றீரியா இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். 1980களில் அது அவுஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டப்பட்டது. அவையும் நஞ்சைத் தாங்கின. 1992இல் அப்பற்றீரியாவுக்கு அவர் பெயரைத் தழுவியே பெயரிட்டனர்.

இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. தீனைத் திடீரென மாற்றாதீர்கள். புதிய தீனைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு கிழமைகளில் பழக்குங்கள்.

2. அறுவடைக் காலத்தில் நெற்குவியலுக்கு மாடு போகாமல் காவுங்கள். நெல்லின் மாச்சத்து விரைவாகப் புளித்து அமிலம் பெருகும், நல்ல பற்றீரியாக்கள் மடியும், மாடும் இறக்கலாம். அதிகம் தின்றுவிட்டால், நோய்க்குறி தெரியும்வரை காத்திராமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.

3. வைத்தியர் சொல்லாமல் அன்டிபயோட்டிக் மருந்தை வாய்வழி புகட்டாதீர்கள். அது நல்லவற்றையும் கொல்லும்.

ஒரு கறவை மாட்டை இழப்பது ஒரு குடும்பத்தின் வருமானத்தை இழப்பதாகும். மாட்டுக்குத் தீன் போடும்போது, அதனுள் வாழும் கண்ணுக்குத் தெரியாத படைப்புக்கும் சேர்த்தே போடுகிறோம் என்பதை மறவாதிருப்போம்.

கலந்துரையாட: உங்கள் கிராமத்தில் நெல் தின்று மாடு இறந்ததுண்டா? அடுத்த அறுவடையில் அதைத் தடுக்க, சங்கமாக என்ன செய்யலாம்?