பசுவுக்கு முன் புல்

தொழிற்பேட்டைகள் பெருகிய ஓசூர் வட்டாரத்தில், பாட்டன் விட்டுச்சென்ற ஓர் ஏக்கரை என்ன செய்வது என்பது நம் மாணவர் பலர் வீட்டுக் கேள்வி. மனையாக்கி விற்கலாம் என்பர் சிலர். விற்காமல் பசுவும் தோட்டமுமாகத் தொடங்க விரும்புவோர் முதலில் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்.

கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனம் தேவை. ஆண்டுக்கு 9 டன். கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், நீரும் எருவும் குறைவின்றிக் கிடைத்தால், ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் வரை தரும். நம் செம்மண்ணில் பாதியே விளைந்தாலும் 12 சென்ட் போதும். புல்லே தீவனமாகிவிடாது, மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் சேர வேண்டும்.

இனி எரு. நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் என்றால் ஆண்டுக்கு மூன்றரை டன், மக்கினால் பாதிதான். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் வேண்டுமாகையால், ஒரு பசு முப்பத்தைந்து சென்ட் காய்கறித் தோட்டத்தையே தாங்கும். மீதி நிலத்தில் கேழ்வரகும் அவரையும் போடலாம், தாள் மாட்டுக்காகும்.

எங்கள் வீட்டில் மாடுகள் முதலில் வந்தன. சித்திரையில் வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் ஒன்றை விற்றோம். இப்போது கிணற்றடியில் புல் நட்டிருக்கிறோம். முதல் அறுப்புக்கு 75 நாள், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை.