வாயில் வெள்ளைத் திட்டா? வலிக்கும் வரை காத்திருக்காதீங்க!

ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் தூக்கம் வராமல் இருக்கப் போயிலையை அடக்கிக்கொள்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாட்டிக்குச் சாப்பிட்டதும் வெத்தலை பாக்கு வேண்டும். "இத்தனை வருஷமா போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் இருவரின் பதிலும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

புற்றுநோய்க்கு முந்தைய நிலை

வாய்ப்புற்றுநோய் வருவதற்கு முன்பே, பலருக்கு வாயின் உட்தோலில் மாற்றம் தெரியும்.

• வெள்ளைத் திட்டு (லியூகோபிளேக்கியா): தேய்த்தாலும் போகாது. பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் கவனிக்காமல் விடுகிறோம்.
• சிவப்புத் திட்டு (எரித்ரோபிளேக்கியா): அரிதாகவே வரும். ஆனால் ஆபத்து இதில்தான் அதிகம்.
• வாய் இறுக்கம்: பாக்கு மெல்வதால் வருவது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் விறைத்து, வாயைத் திறப்பதே சிரமமாகும்.

"போயிலை இல்லாத வெறும் பாக்குதானே?" என்று கேட்கலாம். பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

டாக்டர் என்ன செய்வார்?

எல்லாத் திட்டும் புற்றுநோயாக மாறாது. எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது. அதனால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். இதுதான் பயாப்சி. "சதை எடுத்தா நோய் பரவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

செல்களில் ஆபத்தான மாற்றம் தெரிந்தால், அந்தத் திட்டை மட்டும் கத்தியாலோ லேசராலோ அகற்றுவார்கள். சிறிய திட்டு என்றால் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வாய் இறுக்கத்துக்கு ஊசியும் வாய்ப் பயிற்சியும் உண்டு.

திட்டை எடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். போயிலை பட்டது வாய் முழுவதும்தானே! திட்டு மறுபடியும் வரலாம், வேறு இடத்திலும் வரலாம். பழக்கத்தை விடுவதும், டாக்டர் சொன்ன தேதியில் போய்க் காட்டுவதும் சிகிச்சையின் பாதி.

சோதனையால் பலன் உண்டா?

உண்டு. பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயைப் பார்த்துச் சோதித்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது: புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள்.
2. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.
3. திட்டோ புண்ணோ இரண்டு வாரத்தில் ஆறவில்லையா? ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேல்சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் உள்ளன.
4. 30 வயதைத் தாண்டியவர்கள், அறிகுறி இல்லாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
5. பழக்கத்தை விட உதவி வேண்டுமா? 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104.

திட்டாக இருக்கும்போதே போனால் சின்ன சிகிச்சை போதும். இன்றைக்கே கண்ணாடி முன் நின்று ஒருமுறை பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.