ஆபரேஷனுக்கு முந்தைய அரை மணி நேரம்

அன்புள்ள கயல்விழிக்கு,

“ஆபரேஷனுக்கு முன்னாடியே பேஷன்ட்கிட்ட நமக்கு என்ன வேலை, மாமா?” என்று கேட்டிருந்தாய். பிசியோதெரபிஸ்டுகளான நமக்குப் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

மயக்க மருந்து ஏறிய சில நிமிடங்களிலேயே உதரவிதானம் தளர்ந்து, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கத் தொடங்குகிறது. சளியை மேலே தள்ளும் நுண்முடிகளும் மந்தமாகிவிடும். கண் விழித்தால் வலி. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. மனிதர் மேலாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். தேங்கிய சளியில் கிருமி பெருகினால் நிமோனியா. நாம் மறுநாள் காலையில் போய், மருந்துக் கிறக்கத்தில் கிடப்பவரிடம் “ஆழமா மூச்சு இழுங்க ஐயா” என்றால் காதில் ஏறுமா?

டாஸ்மேனியாவின் பிசியோதெரபிஸ்ட் இயாந்தி போடனும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மூன்று மருத்துவமனைகள். மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேர். (மார்பைத் திறக்காவிட்டாலும், உதரவிதானத்தை ஒட்டிக் கத்தி படுவதால் நுரையீரல் ஏறக்குறைய மார்பு அறுவையில் படும் பாட்டைத்தான் படும்.) கையேடு எல்லோருக்கும் கிடைத்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக 30 நிமிடம்: நிமோனியா எப்படி வருகிறது, கண் விழித்ததுமே மூச்சுப் பயிற்சியைத் தாங்களாகவே ஏன் தொடங்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் நேரில் விளக்கிப் பழக்கினார். கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. நேரில் கற்றவர்களில் 12 சதவீதம்.

மார்பு அறுவையில், நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டில் பைபாஸுக்கு முன் மூச்சுத் தசைகளுக்கு இரண்டு வாரமாவது பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் சிக்கல் 35இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அது தசைப் பயிற்சி. போடன் காட்டியதோ அரை மணி நேரம் நேரில் கற்பித்ததன் பலன், அதனால்தான் எனக்கு அது பெரிது.

நம் ஊரில் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை வாங்கிவரச் சொல்வதோடு கடமை முடிந்துவிடுகிறது. உறிஞ்ச வேண்டியதை ஊதிக்கொண்டிருப்பவர்களை நீயே பார்ப்பாய். காகிதமும் பிளாஸ்டிக்கும் கற்பிக்காது.

வார்டு போஸ்டிங் தொடங்கியதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். தலையணையை மார்போடு அணைத்து இருமுவதைச் செய்துகாட்டு, பிறகு அவரைச் செய்யச் சொல். “கண் முழிச்சதும் என்ன செய்வீங்க?” என்று கேள். அவர் சரியாகச் சொல்லும்வரை எழுந்திருக்காதே.

அன்புடன்,
மாமா