பிடியரிசியும் மறைபரப்புப் பணியும்



ஒக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறு என்பதை நாம் அறிவோம். 1926 ஆம் ஆண்டு பாப்பரசர் 11 ஆம் பத்திநாதர் அதனை ஏற்படுத்தினார். அன்று எடுக்கப்படும் காணிக்கை நமது பங்கில் தங்குவதில்லை. நாம் பெயர்கூட அறியாத ஒரு நாட்டின் பாடசாலைக்கும் குருமடத்துக்கும் மருந்தகத்துக்கும் ஏழை வீட்டுக்கும் அது போய்ச் சேருகிறது.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ அந்தக் காணிக்கைப் பை நாம் இருக்கும் வாங்கை நெருங்கும்போது, நம்மில் பலரது மனதில் ஒரு கேள்வி எழுகிறது. "பாண் விற்கும் விலையில், வீட்டு வாடகை ஏறும் வேகத்தில், நமது குடும்பத்தை நடத்துவதே பெரும்பாடு. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்? மிஷன் என்பது பணக்கார வெள்ளைக்காரத் திருச்சபை செய்யவேண்டிய வேலையல்லவா?"

இது பாவமான கேள்வி அல்ல. ஆனால் இதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. மிஷன் பணம் பணக்காரரின் மிச்சத்திலிருந்து வருகிறது என்பதே அந்த எண்ணம். உண்மை அப்படியா என்று இன்று சற்று ஆராய்வோம்.

முதலாவது வெளிநாட்டு நிதி

திருச்சபையின் வரலாற்றிலே கடல் கடந்து சென்ற முதற் பெரிய உதவி நிதி எது? புனித சின்னப்பர் யெருசலேமின் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காகச் சேர்த்த நிதிதான் அது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 16 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வாரத்தின் முதல் நாளிலே ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை வீட்டில் ஒதுக்கிச் சேர்த்து வைக்குமாறு அவர் கேட்கிறார். தாம் வந்து நிற்கும்போது அவசர வசூல் வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

கொரிந்தியர் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிந்தினார்கள். ஆகவே இரண்டாம் திருமுகத்தின் 8 ஆம், 9 ஆம் அதிகாரங்களில் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. யாரை அவர் முன்மாதிரியாகக் காட்டுகிறார்? செல்வந்தரை அல்ல. மசெதோனியாவின் கிறிஸ்தவர்களையே காட்டுகிறார். அவர்கள் துன்பத்திலும் கடும் வறுமையிலும் இருந்தவர்கள். ஆயினும், இந்தப் பணியில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யெருசலேம் தாய்ச் சபை. விசுவாசம் அங்கிருந்துதான் கிரேக்க நாட்டுக்கு வந்தது. பிற்காலத்தில் தாய் பஞ்சத்தில் வாடியபோது, பிள்ளைச் சபைகள் கொடுத்தன. உரோமையருக்கு எழுதும்போது (15 ஆம் அதிகாரம்) சின்னப்பர் இதனைக் கடன் என்றே குறிப்பிடுகிறார். எனவே திருச்சபையில் கொடுப்பவர் என்றும் கொடுப்பவரல்லர்; வாங்குபவர் என்றும் வாங்குபவரல்லர்.

லியோன் நகரத்து நெசவுப் பெண்கள்

இனி 1800 ஆண்டுகளைத் தாண்டிப் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகருக்கு வருவோம். பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம் அது. அங்கே 1799 இல் வசதியான பட்டு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் பவுலின் ஜரிக்கோ. குருமட மாணவராயிருந்த அவருடைய சகோதரர், ஆசிய மிஷன்கள் பணமின்றித் தவிப்பதைக் கடிதங்களில் எழுதி வந்தார். பவுலின் என்ன செய்வார்? இளம் பெண், பதவியில்லை, அதிகாரமில்லை.

ஒரு மாலை வீட்டார் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு காகிதத் துண்டில் தமது திட்டத்தைக் குறித்துக் கொண்டாராம். திட்டம் மிகவும் எளியது. ஒருவர் பத்துப் பேரைச் சேர்ப்பது. அந்தப் பத்துப் பேரும் நாள்தோறும் ஒரு சிறு செபம் சொல்வது. வாரந்தோறும் ஒரு 'சூ' கொடுப்பது. சூ என்பது 5 சதம் பெறுமதியான சில்லறைக் காசு. 20 சூ சேர்ந்தால்தான் ஒரு பிராங்க். பத்துக் குழுக்களுக்கு ஒரு தலைவர், அப்படிப்பட்ட பத்துத் தலைவர்களுக்கு மேல் இன்னொருவர் என்று அது விரிந்து சென்றது.

முதலில் கொடுத்தவர்கள் யார்? அவருடைய அக்காவின் கணவர் நடத்திய பட்டாலையில் வேலை செய்த பெண்களும் அவர்களைப் போன்ற தொழிலாளரும்தான்.

பிள்ளைகளே, கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் வருடத்துக்கு 52 சூ கொடுத்தால் 2 பிராங்க் 60 சதம். பத்துப் பேர் என்றால் 26 பிராங்க். ஆயிரம் பேர் என்றால் 2,600 பிராங்க். "பத்துப் பேருக்குப் பல்லுக்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை" என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தானே?

1822 மே மாதம் 3 ஆம் திகதி இது விசுவாசம் பரப்பும் சபை என்ற பெயரில் முறையாக நிறுவப்பட்டது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1922 இல், பாப்பரசருக்குரிய சபையாக உயர்த்தப்பட்டது. முதல் ஆண்டில் சேர்ந்த பணம் எங்கே சென்றது தெரியுமா? ஒரு பங்கு ஆசிய மிஷன்களுக்கு. மறு பங்கு அமெரிக்காவின் லூசியானாவுக்கும் கென்டக்கிக்கும்! இன்று நாம் பணக்காரத் திருச்சபை என்று எண்ணும் அமெரிக்கா அன்று வாங்கும் சபையாக இருந்தது. 1908 வரை அது மிஷன் நாடாகவே கணிக்கப்பட்டது.

பவுலினின் முறையைப் பார்த்தே 1843 இல் நான்சி நகர மேற்றிராணியார் போர்பன்-ஜான்சன் சிறுவருக்கான திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். நாளுக்கு ஒரு செபம், மாதத்துக்கு ஒரு காசு: இதுவே அச்சிறுவரின் பங்கு.

பவுலினின் முடிவையும் மறைக்கக் கூடாது. தொழிலாளருக்காக அவர் தொடங்கிய வேறொரு முயற்சியில் மற்றவர்களால் ஏமாற்றப்பட்டு, சொத்தெல்லாம் இழந்து, 1862 இல் பரம ஏழையாக இறந்தார். 2022 மே 22 ஆம் திகதி லியோனில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

அந்தக் காசு நம்மிடம் வந்தது

இந்தக் கதைக்கும் கொழும்புக்கும் என்ன தொடர்பு?

ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் துரத்தப்பட்டு, மேய்ப்பரின்றி இருந்த நம் மூதாதையரைத் தேடி 1687 இல் வந்தவர் புனித யோசேவாஸ் முனிவர். அவர் வெள்ளைக்காரர் அல்லர்; கோவாவிலிருந்து வந்த இந்தியர். ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்து, தமிழும் சிங்களமும் கற்று, 1711 இல் கண்டியில் உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலி முகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை உங்களில் பலர் நேரிலே கண்டிருப்பீர்கள். மிஷன் என்றால் வெள்ளைக்காரர் என்ற எண்ணத்தை இந்த ஒரு புனிதரே பொய்யாக்குகிறார்.

1847 இல் அமலமரித் தியாகிகள் சபையின் முதல் நால்வர் இலங்கைக்கு வந்தனர். மூன்று குருக்களும் ஒரு சகோதரரும். 1868 இல் தெ லா சால் அருட்சகோதரர் கொட்டாஞ்சேனைக்கு வந்து, இன்று புனித பெனடிக்ட் கல்லூரியாக நிற்கும் நிலையத்தில் பணியேற்றனர். 1869 இல் நல்லாயன் கன்னியர் அங்கே கால்பதித்தனர். கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் உழைத்தபின் கொழும்பின் முதல் அதிமேற்றிராணியாரான பொஞ்சேன் ஆண்டகை, பாடசாலையின்றிப் பங்கில்லை என்னும் உறுதியோடு 1892 இல் இறக்கும்வரை உழைத்தார்.

இலங்கை மிஷன்களும் லியோன் சபையின் உதவியைப் பெற்றன. இங்கிருந்து சென்ற கடிதங்கள் அச்சபையின் ஏட்டில் அச்சாகின. நெசவுப் பெண்கள் அவற்றை வாசித்தார்கள். நம் பாட்டனுக்கு ஆனா ஆவன்னா எழுதக் கொடுத்த பலகையில், தறியடியில் நின்ற ஒரு பெண்ணின் காசும் சேர்ந்திருந்தது. அவள் கொழும்பைக் கண்டதில்லை. நாமும் அவள் பெயரை அறியோம்.

நம்மவர்கள் சும்மா இருந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். நம் கடற்கரை மீனவர் வலையிற் பட்டதில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்தே ஆலயங்களை எழுப்பினர். 1960 இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, தனித்து நின்ற சில பாடசாலைகள் கட்டணமும் அறவிட முடியாமல், அரச நன்கொடையும் இன்றித் தத்தளித்தன. கொட்டாஞ்சேனைக் கல்லூரியையும் கன்னியர் மடப் பாடசாலையையும் அந்நாட்களில் தாங்கியது பெற்றோரின் சிறு சிறு கைகள்தாம்.

பிறகு வந்த துயரங்களையும் நாம் மறக்கவில்லை. 1983 ஜூலையில் வீடிழந்து நின்றோம். 2004 இல் கடல் பொங்கியது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. ஒவ்வொரு தடவையும் நம்மை ஒருபோதும் கண்டிராதவர்கள் நமக்காகச் செபித்தார்கள், உதவினார்கள்.

வாங்கிய கை கொடுக்கும் கையாகிறது

இலங்கைத் திருச்சபை வாங்குவதோடு நின்றுவிடவில்லை. 1928 இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில், தமிழ்க் குருவான தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை தமிழ்நாட்டுக்கும் பரவியது. 1971 இல் இலங்கை அமலமரித் தியாகிகள் பாகிஸ்தானுக்கும், 1973 இல் பங்களாதேசுக்கும் சென்று பணி தொடங்கினர். பிரான்சிலிருந்து நமக்கு வந்ததை நாம் இன்னொருவருக்குக் கொண்டு சென்றோம். அவர்களுக்குத் துணைநிற்பது யார்? வீட்டிலிருக்கும் நாம்தான்.

கொடுக்கும் முறை

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. மூன்று பாடங்களை மனதில் வைப்போம்.

முதலாவது, ஒழுங்கு. ஒரு வகுப்பறை கட்டப் பணம் கேட்டால் கிடைத்துவிடும். கல்லில் பெயர் பொறிக்கலாம் அல்லவா? ஆனால் அந்த வகுப்பில் நின்று படிப்பிக்கும் ஆசிரியருக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டிய வேதனத்துக்கு எந்தக் கல்லிலும் பெயர் பொறிப்பதில்லை. ஒருமுறை வரும் பெருந்தொகை சுவரைக் கட்டும். வாரந்தோறும் வரும் சிறுகாசுதான் பாடசாலையை நடத்தும். சின்னப்பரும் பவுலினும் வாரம் வாரம் என்று சொன்னதன் இரகசியம் இதுவே.

இரண்டாவது, கணக்கு. சின்னப்பர் அந்த நிதியைத் தனியே தூக்கிச் செல்லவில்லை. சபைகளே தெரிந்தெடுத்தவர்களைத் தம்மோடு கூட்டிச் சென்றார், யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பதற்காக. ஆகவே வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளைகள் ஊர்ப் பாடசாலைக்கோ வன்னியில் ஒரு விதவைக்கோ பணம் அனுப்பக் கேட்டால், பங்குத் தந்தை வழியாகவோ கரித்தாஸ் போன்ற நிறுவனங்கள் வழியாகவோ அனுப்புங்கள், பற்றுச்சீட்டும் கேளுங்கள். கணக்குக் கேட்பது சந்தேகமல்ல. அது தருமத்துக்கு வேலி.

மூன்றாவது, மரியாதை. 1833 இல் பாரிசில் முத். பிரெடெரிக் ஒசானாமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே போல் சபையினர், ஏழையைத் தம் வாசலுக்கு அழைப்பதில்லை. அவரது வீட்டுக்கே சென்று, பக்கத்தில் இருந்து பேசுகிறார்கள். உதவி பெறும் பிள்ளையை மேடையில் ஏற்றிப் படம் பிடிப்பது அந்தப் பிள்ளையின் மானத்துக்கு விலை பேசுவதாகும். உதவியை மதமாற்றத்துக்குத் தூண்டிலாக்குவதும் பெருந்தவறு. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஏழைகளையும் கல்லாதவரையும் தகாத வழியில் விசுவாசத்துக்கு இழுப்பதை வெளிப்படையாகக் கண்டித்தது. நமது பாடசாலைகளில் சைவ, பௌத்த, முஸ்லிம் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்து வந்திருக்கிறார்கள். பசித்தவனுக்குக் கொடுப்பது அவன் பசித்தவன் என்பதற்காகவே.

உங்கள் வீட்டிலே

நம் பாட்டிமாரிடம் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் இடுவார்கள். வீட்டில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியாது. மாதக் கடைசியில் ஓர் ஏழை வீட்டுக்கு, அல்லது ஒரு பாடசாலைக்கு, அது போய்ச் சேரும். தனக்கு மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை, சமைக்குமுன்னே எடுத்துவைத்தார்கள். வேதாகமத்து ஏழை விதவையின் இரு காசுகளும் (மாற்கு 12) மிச்சம் அல்லவே! லியோன் பெண்களின் சூவும் நம் பாட்டியின் பிடியரிசியும் ஒன்றுதான்.

இவ்வாரம் இதைச் செய்து பாருங்கள். ஒரு வெறுந்தகரத்தைக் கழுவித் திருவுருவத்தின் அருகே வையுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு சிறு காசு இடட்டும். பிள்ளைகள் தின்பண்டக் காசிலிருந்து இடட்டும். தகப்பன் ஒரு பிளேன்டீயைக் குறைத்து இடட்டும். இரவுச் செபத்தில், அந்தக் காசு போய்ச் சேரும் வீட்டுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த வீட்டாரையும் சேருங்கள். பத்துப் பேர் ஆகட்டும்.

குடும்பமாகக் கலந்து பேச:

1. நம் குடும்பத்தில் யார் யார் மிஷன் பாடசாலையில் படித்தார்கள்? அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று எப்போதாவது எண்ணியதுண்டா?

2. நாம் வாங்கிய உதவிகளில், கொடுத்தவர் பெயர் தெரியாதவை எவை?

3. நமது உதவியைப் பெற்ற யாராவது ஒருவர் நம்மால் வெட்கப்பட நேர்ந்ததா?

அடுத்த மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கைப் பை நெருங்கும்போது, சட்டைப் பையைத் துழாவ வேண்டாம். அந்தத் தகரத்தைத் திறந்தால் போதும்.