பாய்மரம் பலவிதம்

காற்று வீசுகிறது. பாயை விரித்தால் படகு ஓடுகிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பாய்மரப் படகும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று நாலைந்து கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. இன்னொன்று வீட்டைவிடப் பெரியது. ஒன்றில் முக்கோணப் பாய். இன்னொன்றில் சதுரப் பாய்.

ஏன் இந்த வேறுபாடு? ஒரு படகைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது எந்தக் கரையில் நிற்கிறது? எதை ஏற்றுகிறது? எந்தக் காற்றில் போகிறது?

நம் நாட்டின் கிழக்குக் கரையை எடுத்துக்கொள்வோம். ஒடிசா, ஆந்திரா, தமிழ்நாடு என்று நீண்ட மணல் கரை. பல ஊர்களில் படகு ஒதுங்க இடம் இல்லை. அலை நேராக வந்து மணலில் உடைகிறது. அந்த இடத்தைத் தாண்டுவதுதான் ஆபத்து. ஆழ்கடலில் பிழைத்து வந்தவர் கரைக்கு நூறு அடி முன்னால் கவிழ்ந்துவிடலாம்.

இங்கே சாதாரணப் பலகைப் படகு வந்தால் என்ன ஆகும்? அலை நீரை வாரி உள்ளே கொட்டும். படகு கனத்துவிடும். அடுத்த அலை அதைப் புரட்டிவிடும்.

கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. மேலே விழுந்த நீர் கட்டைகளின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். லேசான மரம் என்பதால் மூழ்காது. கவிழ்ந்தாலும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். கட்டைகளைத் தனித்தனியாகத் தூக்கிப்போய்க் காயவைப்பார்கள். நீர் ஊறிய கட்டை கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் நன்றாக மிதக்கும்.

வெளியூர்க்காரர் பார்த்தால் வெறும் தெப்பம் என்பார். அது தவறு. விடியும் முன் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதில் பாய் விரித்துப் போவார்கள். பகலில் காற்று திரும்பிவிடும். அதில் மீனோடு கரை சேர்வார்கள். காற்று பக்கத்திலிருந்து தள்ளினால், ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். மரம் பக்கவாட்டில் நழுவாமல் அது தடுக்கும்.

கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆனது. ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடுவது வேறு படகு. இரண்டு ஓடங்களை அருகருகே வைத்து இணைத்தது போல அது இருக்கும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் இயந்திரம் உண்டு. வேகமாகப் போகலாம். அதிக மீன் ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் எண்ணெய்க்குப் பணம் வேண்டும். மீன் கிடைக்காத நாளிலும் அந்தச் செலவு உண்டு. பாய்க்கு அந்தச் செலவு இல்லை.

இதே கரையில் மசூலா என்ற படகும் இருந்தது. அதற்குத் துடுப்புதான் பலம். சென்னையில் துறைமுகம் கட்டும் முன்பு, கப்பல்கள் கடலில் தள்ளியே நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாதான். அதில் பலகைகளை ஆணியால் அடிக்கவில்லை. தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். தைத்த படகு மணலில் மோதினால் வளைந்து கொடுக்கும். பழைய காலத்தில் பெரிய கப்பல்களையும் இப்படித் தைத்தார்கள். அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்து நம் கடற்படை அப்படி ஒன்றைத் தைக்கச் செய்தது. அதன் பெயர் கௌண்டின்யா. 2025 மே மாதம் அது கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது.

இனி மேற்குக் கரைக்கு வருவோம். குஜராத்தின் கட்ச் பகுதியில் மாண்ட்வி என்ற ஊர் உள்ளது. ருக்மாவதி ஆற்றங்கரையில் இன்றும் அங்கே மரக்கப்பல் கட்டுகிறார்கள். இப்போது அவை இயந்திரத்தால் ஓடுகின்றன. முன்பு பாயால் ஓடின. இங்கே ஆற்று முகத்தில் கப்பல் ஒதுங்கி நிற்கலாம். அலையில் ஏறி மணலுக்கு வர வேண்டியதில்லை. அதனால் பெரிய வயிறு வைத்துக் கட்டினார்கள். துணியும் அரிசியும் மரமும் ஏற்றி அரபு நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள். பேரீச்சம்பழம் ஏற்றி வந்தார்கள்.

குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று. அதில் போனார்கள். பிறகு தென்மேற்குக் காற்று. அதில் திரும்பினார்கள். அந்தக் காற்று முற்றி, கடல் கொந்தளிக்கும் முன் வீடு வந்து சேர வேண்டும். கணக்குத் தவறினால் கப்பலும் இல்லை, ஆளும் இல்லை.

இந்தக் கப்பல்களில் பாய் ஒரு நீண்ட கழியில் சாய்வாகத் தொங்கும். காற்று பக்கத்திலிருந்து வந்தாலும் அது கப்பலை முன்னே இழுக்கும். எதிர்க்காற்றில் எந்தப் பாயும் நேராகப் போகாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். சாய்வுப் பாய்க்கு அது ஓரளவு எளிது. சதுரப் பாய்க்கு மிகவும் கடினம். ஆனால் காற்று பின்னாலிருந்து வந்தால் சதுரப் பாய்தான் சிறந்தது. காற்றில் குடையை விரித்துப் பின்னால் பிடித்துப் பாருங்கள். அது உங்களை எப்படித் தள்ளும்!

இரண்டு வகைப் பாயும் ஒரே கப்பலில் இருந்தால்? கடற்படையின் 'தரங்கிணி' அப்படிப்பட்டது. கோவாவில் கட்டிய அந்தக் கப்பல் 1997-இல் பணியில் சேர்ந்தது. அதற்கு மூன்று பாய்மரங்கள். முன்னால் உள்ள இரண்டில் குறுக்குக் கழிகளில் சதுரப் பாய்கள். பின்னால் உள்ளதில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய். இளம் அதிகாரிகள் அதில் ஏறிக் கடலைக் கற்கிறார்கள். 2003-04-இல் அது உலகத்தையே சுற்றி வந்தது.

'தாரிணி' அதைவிட மிகச் சிறியது. ஒரே பாய்மரம். நீளம் சுமார் 17 மீட்டர். அதன் அடியில் கனமான பாகம் ஒன்று நீருக்குள் இறங்கி நிற்கிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் அது தடுக்கிறது. கட்டுமரக்காரர் இறக்கும் பலகைக்கும் இதே வேலைதான். கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது. அலை படகைச் சாய்த்தால், அந்தக் கனம் மறுபடி நிமிர்த்திவிடும். கடற்படை அதிகாரிகளான தில்னா, ரூபா என்ற இரண்டு பெண்கள் மட்டும் தாரிணியில் ஏறி, 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் கோவாவுக்கே திரும்பி வந்தார்கள்.